கித்தான் சுவருக்குள் குளிர்காலம்: யூர்ட் கேள்வி பதில்

பனிக்காலத்தில் யூர்ட்டில் தங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, உள்ளே ஒரு விறகடுப்பு, சற்றுத் தள்ளி ஒரு கழிப்பிடம். அப்படிப்பட்ட எளிய யூர்ட்டை மனதில் வைத்தே பதில்கள். ஹீட்டரும் குளியலறையும் உள்ள சொகுசு யூர்ட்டுக்குப் போகிறவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம்.

கேள்வி: யூர்ட் என்றால் வட்டமான கூடாரம்தானே? மைனஸ் 20 டிகிரியில் ஒரு துணிச்சுவர் எதைத் தடுத்துவிடப் போகிறது?

பதில்: கூடாரத்தைவிடக் கொஞ்சம் மேல், வீட்டைவிட நிறையக் கீழ். சுவர் என்பது மடக்கி விரிக்கும் மரக் கிராதி. அதன் தலையிலிருந்து கைமரங்கள் சரிவாக ஏறி, உச்சியில் ஒரு வளையத்தில் போய்ச் செருகிக்கொள்ளும். கூரையின் பாரம் கிராதியை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது சுவரைச் சுற்றி இறுக்கிய கயிறு. இன்றைய தயாரிப்புகளில் கிராதியின் மேல்விளிம்பில் ஓடும் எஃகு வடம். மங்கோலியர்கள் 'கெர்' என்று அழைக்கும் வகையில் இதன்மேல் ஃபெல்ட் என்கிற அழுத்திய ஆட்டுக் கம்பளியைப் போர்த்தி, அதற்குமேல் கித்தான் கட்டுவார்கள். குளிர்காலத்தில் ஃபெல்ட் அடுக்கு கூடும். வணிக யூர்ட்டுகளில் வினைல் பூசிய துணியும், பளபளக்கும் மெல்லிய காப்புத்தாளும், உச்சியில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் குமிழும் இருக்கும்.

வட்ட வடிவத்தால் இரண்டு லாபம். அதே தரைப்பரப்புக்கு வட்டத்தில்தான் சுவரின் நீளம் மிகக் குறைவு. காற்றும் மூலையில் மோதாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் செங்கல் வீட்டைப்போலச் சூட்டைச் சேமித்துவைக்க இங்கே எதுவுமே இல்லை. அடுப்பு எரிந்தால் அரைமணியில் சட்டையைக் கழற்றத் தோன்றும். அணைந்தால் விடிவதற்குள் உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். சுவரை நம்பாதீர்கள். யூர்ட்டின் கதகதப்பு முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் இருக்கிறது.

கேள்வி: மாலையில் போய்ச் சேருவோம். உள்ளே எல்லாம் உறைந்து கிடக்கும் என்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நடந்து வந்திருந்தால் உள்ளாடை வியர்வையில் நனைந்திருக்கும். பையை இறக்கியதும் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஈரச்சட்டையோடு அடுப்பு மூட்ட உட்கார்ந்தால், தீ பிடிப்பதற்குள் கை நடுங்கித் தீக்குச்சியைப் பிடிக்க முடியாது.

அடுத்து, வெளியே ஒரு சுற்று சுற்றி வாருங்கள். புகைபோக்கியின் தலையில் பனி மூடியிருக்கிறதா, குழாய் நேராக நிற்கிறதா, குழாய் வெளியேறும் இடத்தில் துணி கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பனிமண்வெட்டியைக் கையோடு உள்ளே கொண்டுவந்து வையுங்கள். இதைப் பலர் வெளியே சாய்த்துவைத்துவிட்டு வருவார்கள்; கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்து, ராத்திரி இடுப்பளவு பனி குவிந்தால் மண்வெட்டி பனிக்கு அந்தப்பக்கம், நீங்கள் இந்தப்பக்கம்.

இப்போது அடுப்பு. சாம்பலை ஒரேயடியாக வழித்தெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் படுக்கையாக இருந்தால் கங்கு நின்று எரியும். குழாயில் தடுப்புத் தகடு இருந்தால் அதன் கைப்பிடியைக் குழாயின் நீளவாக்கில் திருப்புங்கள், அதுதான் திறந்த நிலை. அடுப்பின் காற்றுவாயையும் முழுதாகத் திறங்கள். கீழே மணிக்கட்டுப் பருமனில் பிளந்த விறகு மூன்று, அதற்குமேல் குறுக்காகக் கட்டைவிரல் பருமனில் ஐந்தாறு, அதற்கும் மேலே விரல் பருமனில் ஒரு கைப்பிடிச் சுள்ளி, உச்சியில் மெழுகு தோய்த்த நார் அல்லது காகிதம். தீயை மேலே வையுங்கள். நம் வழக்கத்துக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் மேலிருந்து எரிந்து இறங்கும் தீயில், கீழ்விறகு கக்கும் புகையும் மேலுள்ள சுவாலையிலேயே எரிந்துவிடும். குழாயும் சீக்கிரம் சூடேறும்.

தடித்த விறகு நன்றாகப் பற்றிய பிறகு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒற்றைச்சுவர்க் குழாயில் காந்த வெப்பமானி ஒட்டியிருந்தால் முள் ஏறக்குறைய 115-க்கும் 245 டிகிரிக்கும் நடுவில் நிற்கட்டும். அதற்குக் கீழே நின்றால் குழாய்க்குள் கிரியோசோட் என்கிற தார்போன்ற கரி படியும். மேலே போனால் படிந்த கரியே தீப்பிடிக்கலாம்.

ஒரு மணி நேரத்தில் காற்று சூடாகிவிடும். கட்டில், மெத்தை, தரை எல்லாம் மறுநாள்தான் சூடாகும். அதனால் ஸ்லீப்பிங் பேக்கை வந்தவுடனேயே பையிலிருந்து எடுத்து உதறி, மேல்கட்டிலில் விரித்துவிடுங்கள். சூடான காற்று அங்கேதான் தேங்கும்.

கேள்வி: அடுப்பு மூட்டும்போதெல்லாம் புகை முழுக்க அறைக்குள் வருகிறது. அடுப்பில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் குழாய்க்குள் நிற்கும் குளிர்காற்றுதான் காரணம். அது கனமானது, அடைப்பானைப்போல உட்கார்ந்திருக்கும். நான்கைந்து காகிதச் சுருளைக் கொளுத்திக் குழாய் வாயருகே பிடியுங்கள். புகை மேலே இழுபடும் சத்தம் கேட்ட பிறகு விறகில் தீ வையுங்கள். அப்போதும் புகை திரும்பினால் யூர்ட்டின் கதவை இரண்டு விரல் அளவு திறந்துவையுங்கள். இறுக்கமாக மூடிய யூர்ட்டில் அடுப்புக்குக் காற்று வர வழியிருக்காது.

இதெல்லாம் செய்தும் தீரவில்லையென்றால் குழாயின் உயரத்தைப் பாருங்கள். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரமும், 3 மீட்டர் தூரத்துக்குள் உள்ள எதையும்விட 60 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. யூர்ட்டின் ஓரத்தில் வெளியேறும் குழாய் உச்சிக் குமிழைவிடத் தாழ்ந்திருந்தால் காற்றடிக்கிற நாளில் புகை உள்ளே திரும்பத்தான் செய்யும். தங்கப்போனவர் அதைச் சரிசெய்ய முடியாது, உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விறகு நனைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்'கென்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்'பென்று. காய்ந்த விறகின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கதிர்போல வெடிப்பு ஓடியிருக்கும். எரியும்போது முனையில் நுரை கக்கிச் சீறினால் சந்தேகமே வேண்டாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குமேல் என்றால் நீங்கள் எரிக்கும் விறகின் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சம் புகையும் கரியும். மேலே ஒட்டிய பனி வேறு விஷயம். அதைத் தட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்து ஒரு நாள் வைத்தால் போதும். உறைந்த விறகைப் பிளப்பது சுலபம் என்பது குளிரில் கிடைக்கிற ஒரே இலவசம். மாலைக்குள் பிளந்து முடித்துவிடுங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் கோடரி வேண்டாம்.

கேள்வி: ராத்திரி மூன்று மணிக்கு அடுப்பு அணைந்து, எல்லோரும் நடுங்கி எழுகிறோம். விடியும்வரை எரியவைக்க வழி உண்டா?

பதில்: சின்ன அடுப்பில் கிடையாது. யூர்ட்டில் பொதுவாக இருக்கும் அடுப்பின் வயிறு சிறியது. நிறைய அடைத்தாலும் மூன்று நான்கு மணி நேரம்தான். இதை ஒப்புக்கொண்டு திட்டமிடுகிறவர்களே நன்றாகத் தூங்குகிறார்கள். அடுப்புக்கு அருகே படுப்பவரை ஆள் மாற்றி முறைவைத்து, இரண்டு மணிக்கு ஒரு அலாரம் வையுங்கள்.

படுக்குமுன் செய்ய வேண்டியது: கங்கு முழுவதையும் காற்றுவாய்ப் பக்கம் இழுத்துக் குவியுங்கள். பின்னால் காலியான இடத்தில் கனமான வன்மர விறகை நெருக்கமாக அடுக்குங்கள். ஊசியிலை மரவிறகு சடசடவென்று எரிந்து தீர்ந்துவிடும், அதை மூட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்றை முழுதாகத் திறந்து, விறகின் வெளிப்புறம் கருகிச் சுவாலை பிடிக்கும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு குறையுங்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. விடியும்வரை நிற்கட்டும் என்று காற்றுவாயையும் தடுப்புத் தகட்டையும் சுத்தமாக மூடிவிடுவார்கள். தீ சுவாலையில்லாமல் புகைந்துகொண்டிருக்கும். குழாயில் கரி படியும், குழாய் குளிர்ந்து இழுவை குறையும், கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். சுவாலை தெரிகிற அளவுக்காவது காற்று இருக்கட்டும். விறகு கூடத்தான் செலவாகும். இரவுக்குத் தேவை என்று நீங்கள் கணக்கிடுகிற விறகைப்போல இரண்டு மடங்கை மாலையிலேயே உள்ளே அடுக்கிவிடுங்கள். கூடவே ஒரு கைப்பிடிச் சுள்ளியும் தீப்பெட்டியும், கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் கிடைக்கிற இடத்தில்.

கேள்வி: கார்பன் மோனாக்சைடை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அலாரத்தை எங்கே மாட்டுவது? காற்று வர இடுக்கு விட்டால் குளிருமே?

பதில்: இந்தப் பயம் நல்லது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சுவாலை அடங்கிக் கங்கு மட்டும் மினுங்கும் நேரத்தில், அதாவது எல்லோரும் 'அப்பாடா' என்று படுக்கிற நேரத்தில், அதிகமாக உருவாகும்.

இது ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது, எங்கும் கலந்து பரவும். அதனால் அலாரத்தைத் தூங்குகிறவர்களின் தலை மட்டத்தில், அடுப்பிலிருந்து ஒன்றரை இரண்டு மீட்டராவது தள்ளி மாட்டுங்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும். லித்தியம் வகை பொருந்துமா என்று அலாரத்தின் அட்டையில் பாருங்கள். யூர்ட் சூடான பிறகு சோதனைப் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படுங்கள். புகை அலாரம் இந்த வாயுவைக் காட்டாது, இரண்டும் தனித்தனி.

ஒரே சமயத்தில் பலருக்குத் தலைவலி, குமட்டல், மயக்கம், வெளியே போனால் தேவலை என்றால் உணவின்மேல் பழிபோடாதீர்கள். அலாரம் ஒலித்தாலும் அப்படித்தான்: எல்லோரும் வெளியே, கதவு திறந்தபடி, மருத்துவ உதவிக்கு அழைப்பு. அடுப்பைச் சரிபார்க்க ஒருவர் உள்ளே தங்க வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பவே கூடாது. இந்த வாயு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் உள்ளதாகவே எண்ணி, 98 என்று காட்டும்.

கரியடுப்பையோ தணல் நிறைந்த சட்டியையோ 'கொஞ்ச நேரம்தானே' என்று உள்ளே கொண்டுவராதீர்கள். உச்சித் திறப்பை இரண்டு விரல் அளவாவது திறந்துவையுங்கள். அதனால் இழக்கும் சூட்டை ஒரு விறகு ஈடுகட்டிவிடும்.

கேள்வி: காலையில் சுவரெல்லாம் ஈரம், குமிழிலிருந்து முகத்தில் சொட்டுகிறது. கூரை ஒழுகுகிறதா?

பதில்: நீங்கள் விட்ட மூச்சுதான் திரும்பி வருகிறது. ஒரு ராத்திரியில் ஒருவர் மூச்சிலும் தோலிலும் வெளியேறும் நீர் ஒரு டம்ளர் அளவுக்காவது இருக்கும். நான்கு பேர், கொதிக்கிற பானை, கொடியில் ஈரச் சாக்ஸ் என்று கூட்டிப் பாருங்கள். அந்த ஆவி குளிர்ந்த வினைலிலும் அக்ரிலிக்கிலும் பட்டு நீராகி, தீ அணைந்ததும் பனிப்பொடியாகி, காலையில் அடுப்பு மூட்டியதும் மழையாகும். கம்பளி ஃபெல்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தைக் கம்பளி வெளியே காட்டாமல் உள்வாங்கும்.

மறுபடியும் அதே உச்சித் திறப்புதான் மருந்து. பானைக்கு மூடி போடுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதி சுவரைத் தொட்டால் விடியும்போது நனைந்திருக்கும். குளிருகிறதென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள், பஞ்சுக்குள் நேராக ஈரத்தை ஊதுகிறீர்கள். தொப்பி போட்டுக்கொண்டு மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும். காலையில் பேக்கைத் திருப்பிப்போட்டு உலர்த்துங்கள், ஆனால் அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. ஈரத் துணி காயும். அதே துணி நழுவி அடுப்பில் விழுந்தால் கித்தான் யூர்ட் எரிய அதிக நேரம் எடுக்காது. இரண்டு நாள் தங்கினால் பெரிதாகத் தெரியாது. நான்காம் நாள் யார் நன்றாகத் தூங்குகிறார்கள் என்பதை இந்த ஈரம்தான் முடிவு செய்யும்.

கேள்வி: மைனஸ் 10 என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக் போதுமா?

பதில்: எந்த மைனஸ் 10? ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பேக்கில் மூன்று எண்கள் இருக்கும்: வசதி, எல்லை, கடைநிலை. பெரிய எழுத்தில் அச்சிடுவது சில சமயம் எல்லை எண்ணாக இருக்கும். கடைநிலை என்பது உயிர் பிழைக்க மட்டும். அதில் தூக்கம் சேர்த்தி இல்லை. வசதி எண்ணைப் பாருங்கள். அடுப்பு அணைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, வெளியே எதிர்பார்க்கும் குளிருக்கே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பேக். கீழே போடும் விரிப்பும் அதே முக்கியம், உடம்பு அழுத்தும் இடத்தில் பஞ்சு நசுங்கிப் பயனில்லாமல் போகும். தரையில் படுப்பதானால் விரிப்பின் ஆர் மதிப்பு, அதாவது குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண், 5-க்குக் குறையக் கூடாது. இரண்டு விரிப்பை அடுக்கினால் மதிப்பும் கூடும்.

கேள்வி: பனியை உருக்கிக் குடிக்கலாமா? எவ்வளவு தேவைப்படும்?

பதில்: குடிக்கலாம், பொறுமை இருந்தால். உதிரிப்பனி பத்து லிட்டர் பானை நிறைய அள்ளினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். கெட்டிப்பட்ட பனியில் மூன்று நான்கு லிட்டருக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் நான்கு லிட்டர் என்று வைத்தால் பெரிய பானை ஒன்று அடுப்பின்மேல் எப்போதும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கிலோ பனியை உருக்க மட்டும் 334 கிலோஜூல். அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இன்னும் சுமார் 419. விறகுக் கணக்கில் இதையும் சேருங்கள்.

வெறும் பானையில் பனியைக் கொட்டிச் சூடாக்கினால் அடியில் தீய்ந்த வாசனை ஏறிவிடும். முதலில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அதில் பனியைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்குமேல் உள்ள இடமென்றால் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். அள்ளும் இடம் கழிப்பிடத்துக்கும் புகைபோக்கிக்கும் எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மஞ்சள் பனியைப் பற்றி எச்சரிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறோம். இரவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேலிருந்துதான் உறையும் என்பதால் காலையில் திருப்பினால் மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும்.

கேள்வி: கேஸ் ஸ்டவ் எரியவே மாட்டேன் என்கிறது!

பதில்: குப்பியில் பியூட்டேன் இருக்கும். அது மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். எதுவானாலும் மூடிய யூர்ட்டுக்குள் எரிக்காதீர்கள்.

கேள்வி: போனும் கேமராவும்?

பதில்: ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு தூங்கட்டும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து கேமராவை உள்ளே கொண்டுவருமுன் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஈரம் பைமேல் படியட்டும், லென்ஸில் வேண்டாம்.

கேள்வி: ராத்திரி கழிப்பிடத்துக்குப் போவதை நினைத்தால்...

பதில்: படுக்குமுன் போய்விட்டு வாருங்கள். எழுந்தால், அடக்கிக்கொண்டு புரள்வதைவிடப் போய்வருவது சீக்கிரம். பூட்ஸின் உள்ளுறையை மட்டும் கழற்றிப் படுக்கையருகே வைத்திருங்கள். கதவோரம் விட்டால் கல்லாகியிருக்கும். எழுந்ததற்கு அடுப்பில் ஒரு விறகும் போட்டுவிடுங்கள், மற்றவர்கள் வாழ்த்துவார்கள்.

கேள்வி: ஜனவரியில் மங்கோலியா போகிறோம், ஒரு மேய்ப்பர் குடும்பத்தின் கெர்ரில் இரண்டு இரவு. எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: அங்கே அடுப்பு உங்கள் பொறுப்பில்லை, அதுவே பாதி நிம்மதி. எரிபொருள் விறகாகவோ 'அர்கல்' என்னும் காய்ந்த சாணமாகவோ இருக்கும். நம் வறட்டி மாதிரிதான். நீங்களாக எதையும் தீயில் போடாதீர்கள். குப்பையோ தண்ணீரோ போடுவது தீயை அவமதிப்பதாகும்.

நெருங்கும்போது 'நொஹோய் ஹோர்' என்று குரல் கொடுப்பது வழக்கம். நாயைப் பிடியுங்கள் என்று பொருள். நாய் இல்லாத வீட்டிலும் அழைப்புமணி இதுதான். வாசல் தெற்கு பார்த்திருக்கும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, இடப்பக்கமாக, அதாவது மேற்குப் பகுதிக்குப் போங்கள், விருந்தாளிக்கு அந்தப்பக்கம். வாசலுக்கு நேரெதிரான வடக்கு 'ஹோய்மோர்', பெரியவர்களுக்கும் பூசைப் பொருளுக்குமான இடம், அழைத்தால் ஒழிய உட்கார வேண்டாம். நடுவில் உச்சி வளையத்தைத் தாங்கும் இரண்டு தூண்களில் சாய்வதோ, அவற்றுக்கு நடுவே புகுந்து போவதோ கூடாது. காலை அடுப்புப் பக்கம் நீட்டாதீர்கள். உப்புப் போட்ட பால் தேநீரை வலக்கையால் வாங்குங்கள், இடக்கை முழங்கையைத் தாங்கட்டும்.

நீங்கள் போகும் காலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்கு சுவாரசியமானது. டிசம்பர் பிற்பகுதியில், சூரியன் திரும்பும் நாளிலிருந்து ஒன்பது ஒன்பதாக 81 நாள் எண்ணுவார்கள். முதல் ஒன்பதில் பாலிலிருந்து வடித்த சாராயம் உறையும், மூன்றாவதில் மூன்று வயது எருதின் கொம்பு உறையும், ஐந்தாவதில் சோறு உறையாது. ஜனவரி நடுப்பகுதி என்றால் கொம்பு உறையும் கட்டத்தில் போய் இறங்குகிறீர்கள். ஸ்லீப்பிங் பேக் பற்றிய பதிலை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

கேள்வி: கிளம்பும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கலாமா?

பதில்: ஊற்றாதீர்கள், சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடும். கடைசி விறகைப் புறப்பட மூன்று மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். மிஞ்சிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, யூர்ட்டின் மரத்தளத்திலிருந்து தள்ளி வெளியே வையுங்கள். மேலே ஆறித் தெரிந்தாலும் உள்ளே கங்கு பல நாள் உயிரோடு இருக்கும். அட்டைப்பெட்டியில் அள்ளி வாசற்படியில் வைத்துவிட்டுப் போனதால் எரிந்த யூர்ட்டுகள் உண்டு. தண்ணீர்ப் பானைகளைக் கவிழ்த்துவையுங்கள். அடுத்து வருகிறவருக்கு ஒருமுறை மூட்டுகிற அளவு காய்ந்த விறகும் சுள்ளியும் அடுப்போரம் இருக்கட்டும். அவரும் இருட்டிய பிறகு, விறைத்த விரல்களோடு வரக்கூடும்.